மாரித்தாய் மிதிக்காத பிரேக்

வெள்ளைத்துரையைப் பற்றி நல்லவிதமாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். பத்தொன்பது வருடமாக என் அச்சகத்துக்கு அடுத்த கொட்டகையில் வண்டி பழுது பார்க்கிறவர். ஆனால் நல்லதை மட்டும் எழுதினால் அது பொய்யாகிவிடும். இந்த விஷயத்தில் ஏற்கெனவே சொன்ன பொய்களே போதும், அதில் ஒன்று என்னுடையதும்கூட. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

திருத்தங்கலில் சிவகாசி போகிற சாலையில் இருக்கிறது அந்தத் தகரக் கொட்டகை. வெள்ளைத்துரைக்கு வெம்பக்கோட்டைப் பக்கம் ஊர். அவர் தெருவில் பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பையன்கள் எல்லோரும் பட்டாசுக்கோ தீப்பெட்டிக்கோ போனார்கள். இவர் ஒருவர்தான் வெடி வேலை வேண்டாம் என்று விருதுநகர் லாரிப் பட்டறையில் போய் கிரீஸ் துடைத்தார். கடைசியில் என்ன ஆயிற்று என்றால், அவர் கட்டிக்கொண்ட மாரித்தாய் பட்டாசுக் கம்பெனியில் தரைச்சக்கரத்துக்குத் திரி வைக்கிறார். இவர் அந்தப் பட்டாசை ஏற்றிப் போகும் வேன்களுக்குப் பிரேக் பார்க்கிறார். வெடியை விட்டுத் தப்பித்து ஓடினவர் வெடியைச் சுற்றியே வாழ்கிறார் என்று நான் கேலி செய்வேன். சிரித்துக்கொள்வார்.

பட்டாசு லோடு ஏற்றிய வண்டிக்குப் பிரேக் பார்ப்பவர் என்றால் இந்தப் பக்கம் அது லேசான பேர் இல்லை. முதலாளிகள் காரில் வந்து இறங்கிக் கூப்பிட்டுப் பேசுவார்கள். "நான் பாத்துவிட்ட வண்டி நிக்கணும்னா நிக்கும்" என்பது அவர் பேச்சு. அதில் கொஞ்சம் கர்வமும் இருந்தது. அந்தக் கர்வத்தை வளர்த்ததில் எனக்கும் பங்கு உண்டு. யார் வண்டி பற்றிக் கேட்டாலும் பக்கத்துக் கொட்டகையைத்தான் கை காட்டுவேன்.

பிரேக் ஆயில் மாற்றுவது ஒரு ஆள் வேலை இல்லை. ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும். இன்னொருவர் சக்கரத்தடியில் படுத்து, அங்கிருக்கும் சின்ன நிப்பிளைத் திறந்து, பழைய ஆயிலையும் காற்றையும் வெளியே விட வேண்டும். நிப்பிளை மூடுவதற்குள் மிதித்த கால் எழுந்துவிட்டால் காற்று உள்ளே போய்விடும், வேலை கெட்டுவிடும். வெள்ளைத்துரைக்கு மிதிக்கிற ஆள் மாரித்தாய். கம்பெனி வண்டி ஆறு மணிக்கு ரோட்டில் இறக்கிவிட, கையில் ஒட்டிய மருந்துப் பொடியைக் கழுவிவிட்டு நேராகக் கொட்டகைக்கு வந்து ஏறி உட்காருவார். "மிதி. பிடி. விடு." இந்த மூன்று சொல்தான் கேட்கும். "இருவது வருசத்துல இவுக சொல்லி நான் கேட்டது இந்த மூணுதான் அண்ணாச்சி" என்பார் மாரித்தாய்.

அருணாதேவியை அங்கே அனுப்பியதும் நான்தான். மல்லாங்கிணறு ராக்கப்பன் மகள். நிலம் நீச்சு உள்ள வீடு; விருதுநகரில் மிளகாய் வத்தல் கடையும் உண்டு. கடையை இப்போது அவள்தான் பார்க்கிறாள். வத்தல் பாக்கெட்டுக்கு உறை அடிக்க என்னிடம் வருவாள். முப்பது வயது இருக்கும். அப்பா பார்த்த மாப்பிள்ளைகளைவிடத் தன் சிவப்புக் காரை அதிகம் விரும்புகிறாள் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். போன வருடம் அக்டோபரில் ஒரு நாள், கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பந்தயத் தளத்தில் தன் காரை ஓட்டப் போவதாகச் சொன்னாள்.

"ரேஸ் இல்லண்ணே. அவங்கவங்க வண்டிய அவங்கவங்க ஓட்டிப் பழகுறது. ஆனா பிரேக்க நல்லாப் பாத்துட்டுத்தான் வரணும்னு கண்டிசனாச் சொல்லிட்டாங்க. நல்ல மெக்கானிக் யாராச்சும் இருக்காங்களா?"

நான் சுவருக்கு அந்தப் பக்கம் கை காட்டினேன்.

அவள் ஒரு படிவமும் கொண்டுவந்திருந்தாள். அதில் இருந்ததை வெள்ளைத்துரைக்கு ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினாள். பிரேக் பேடு, டிஸ்க், ரப்பர் ஹோஸ், ஆயில். ஆயில் வந்ததும் நிறுத்தி, "இதக் கட்டாயம் முழுசா மாத்திருங்கண்ணே. டிராக்ல திரும்பத் திரும்ப அழுத்திப் பிடிக்கணும், பயங்கரமாச் சூடாகும். பழைய ஆயில் ஈரத்த இழுத்து வச்சிருக்குமாம், கொதிச்சு ஆவியாயிருச்சுன்னா பெடல் சும்மா உள்ள போயிருமாம்" என்றாள்.

"செஞ்சிருவோம் தாயி" என்றார் வெள்ளைத்துரை. அவள் போனபின் என்னிடம், "பிரேக் ஆயிலு கொதிக்குமாம்ல அண்ணாச்சி" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அவருக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். தூத்துக்குடி வண்டி வந்தால், உப்புக்காத்து, வருடத்துக்கு ஒருமுறை மாற்று என்பார். ஆனால் நம் பக்கத்து வண்டிக்கு என்ன கேடு என்பது அவர் எண்ணம். மழை இல்லாத ஊர் இது. மழை இல்லை என்பதால்தான் பட்டாசும் தீப்பெட்டியும் அச்சும் இங்கே வந்து உட்கார்ந்தன. இந்த வறட்சியை நம்பித்தான் எல்லோரும் சோறு தின்கிறோம். வெயில் காய்கிற ஊரில் மூடி போட்ட டப்பாவுக்குள் ஈரம் எங்கிருந்து வரும்? நம் சாலையும் மேடு பள்ளம் இல்லாத சாலை. லோடு வேன் நாற்பதுக்கு மேல் போகாது. எந்தப் பிரேக்கும் கொதிக்கிற அளவுக்குச் சூடானதில்லை. இருபது வருடமாக மேலே குறைந்ததை ஊற்றி நிரப்பியே காலம் தள்ளிவிட்டார். ஒன்றும் ஆகவில்லை.

மற்ற எல்லாவற்றையும் மூன்று நாள் உட்கார்ந்து ஒழுங்காகச் செய்தார், அதையும் சொல்ல வேண்டும். பேடு புதிது. டிஸ்க்கை அளந்து பார்த்தார். ஹோஸை மடக்கி மடக்கி வெடிப்பு இருக்கிறதா என்று தேடினார். ஆயில் மட்டும் வெள்ளிக்கிழமை மாலைக்கு நின்றது, மாரித்தாய் வர வேண்டுமே. மறுநாள் காலை அருணாதேவி காரை எடுத்துக்கொண்டு புறப்பட வேண்டும்.

அது தீபாவளி சீசன். கம்பெனியில் ஆர்டர் நெருக்கம். ஆறு மணிக்கு வர வேண்டிய மாரித்தாய் ஏழாகியும் வரவில்லை. அருணாதேவி பஸ்ஸில் வந்து இறங்கி, கார் எப்போது கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டு சாலையோரம் நின்றாள். வெள்ளைத்துரை என் வாசலுக்கு வந்தார்.

"அண்ணாச்சி, ஒரு அரை மணி நேரம். வந்து பெடல மிதிச்சு விடுங்க."

சர வெடி லேபிள் மிஷினில் ஓடிக்கொண்டிருந்தது. காலையில் லோடு போயாக வேண்டும். "மிஷின நிறுத்த முடியாதுய்யா, பெறகு வாரேன்" என்றேன். பிறகு நான் போகவில்லை. மறந்துவிட்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது. ஞாபகம் இருந்தது; அலுப்பாக இருந்தது.

அவர் என்ன செய்தார் என்பதைப் பின்னால் அவரே சொன்னார். பானெட்டைத் திறந்து, மேலே இருக்கும் டப்பாவில் கிடந்த பழைய ஆயிலை மட்டும் ஆஸ்பத்திரி ஊசிக்குழாய் போட்டு உறிஞ்சி எடுத்தார். புது ஆயிலை ஊற்றினார். மேலிருந்து பார்த்தால் தங்க நிறத்தில் பளிச்சென்று புதிதாகத் தெரியும். குழாய்க்குள்ளும் சக்கரத்துக்குள்ளும் நான்கு வருடப் பழையது அப்படியே கிடந்தது. படிவத்தில் 'பிரேக் ஆயில் மாற்றிய தேதி' என்ற இடத்தில் அன்றைய தேதியைப் போட்டுக் கையெழுத்து வைத்தார்.

"மாத்தியாச்சா அண்ணே?"

"மாத்தியாச்சு தாயி. தைரியமா ஓட்டுங்க."

ஞாயிற்றுக்கிழமை மதியம் செய்தி வந்தது. பத்தாவது சுற்றோ என்னவோ, நேர்ப்பாதையின் முடிவில் வளைவுக்கு முன்னால் மிதித்திருக்கிறாள். பெடல் தரை வரைக்கும் போய்விட்டது. கார் வளைவில் திரும்பாமல் டயர் அடுக்கிய சுவரில் போய் மோதியது. தோள்பட்டை எலும்பும் இடது மணிக்கட்டும் முறிந்தன. உயிருக்கு ஒன்றுமில்லை. மதுரை ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

அதற்குமேல் நடந்ததுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அவளை ஆம்புலன்சில் ஏற்றி அனுப்பி முக்கால் மணி நேரம் கழித்து, தளத்துக்காரர்கள் காரில் ஏறிப் பிரேக்கை மிதித்துப் பார்த்திருக்கிறார்கள். பெடல் கல் மாதிரி நின்றது. ஆயில் ஆறிவிட்டால் ஆவியும் அடங்கிவிடும், பிரேக் பழையபடி பிடிக்கும். இந்தக் குற்றம் தன் தடயத்தைத் தானே அழித்துவிடும். மேலே டப்பாவைப் பார்த்தார்கள், புது ஆயில். படிவத்தைப் பார்த்தார்கள், இரண்டு நாள் முந்திய தேதி, மெக்கானிக் கையெழுத்து. அப்படியானால் தப்பு ஓட்டியவர் மேல். பதற்றத்தில் கால் கிளட்ச்சில் போயிருக்கும் என்று எழுதிவிட்டார்கள். "இல்லை, பிரேக்கைத்தான் மிதித்தேன்" என்று அவள் சொன்னதை அவளுடைய அப்பாகூட நம்பவில்லை.

திங்கட்கிழமை காலை கம்பெனி வண்டிக்குக் கிளம்பும்போது மாரித்தாய் புருஷனைக் கேட்டிருக்கிறார். "அந்தப் பிள்ள காருக்கு நான் மிதிக்கவே இல்லையே."

"அண்ணாச்சி வந்து மிதிச்சாரு" என்று சொல்லிவிட்டார் வெள்ளைத்துரை.

அன்று மாலையே மாரித்தாய் என் வாசலில் வந்து நின்றார். "நீங்களா மிதிச்சீக அண்ணாச்சி?"

இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். மிஷின் சத்தத்தில் காதில் விழாதது போலத் தாளை அடுக்கிக்கொண்டே, "ம், ம்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டுப் போய்விட்டார். அந்தப் பார்வைக்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். வெட்கத்தில் இரண்டு வாரம் அந்தப் பக்கம் தலை திருப்பவில்லை.

வெள்ளைத்துரை ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். உள்ளதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனாராம். வாயைத் திறப்பதற்குள் அவளே பேசிவிட்டாள்.

"நீங்க அம்புட்டுப் பாத்துக் குடுத்தீகண்ணே. நான்தான் கெடுத்துட்டேன். எனக்கு இது சரிப்படாது போல. இனிமே வண்டியத் தொட மாட்டேன்."

கட்டிலின் அந்தப் பக்கம் ராக்கப்பன் நின்றிருந்தார். "ஏலே வெள்ளத்துர, ஒன் மேல ஒரு கொறையும் இல்ல. இவளுக்குத்தான் வேண்டாத வேல" என்று இவர் தோளைத் தட்டிக் கொடுத்திருக்கிறார். வெள்ளைத்துரை வாங்கிப் போன ஆரஞ்சுப் பழங்களைக் கட்டிலில் வைத்துவிட்டு வந்துவிட்டார். "அவுக என்னைய அடிச்சிருந்தாக்கூடப் பொறுத்திருப்பேன் அண்ணாச்சி, தட்டிக்குடுத்ததுதான் தாங்கல" என்றார் என்னிடம். அன்றுதான் ஊசி போட்டு உறிஞ்சியதை எனக்குச் சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கும் அதுதான் வசதியாக இருந்தது.

அதன் பிறகு அவர் வேலை செய்வதைப் பார்க்கவே சங்கடமாக இருக்கும். ஒரு வேனுக்கு நான்கு முறை நிப்பிளை முறுக்குவார். வண்டி போன பிறகு சாலையில் நின்று, அது கண்ணுக்கு மறையும்வரை பின்விளக்கைப் பார்த்துக்கொண்டிருப்பார். கன்னம் ஒட்டிவிட்டது. கட்டிய சோறு தூக்குவாளியோடு திரும்பிப் போகும். இப்போது வந்த புத்தி முதலிலேயே இருந்திருக்கலாமே என்று எனக்குக் கோபம் வரும். கோபம் வந்த மறுநிமிடம், மிதிக்கக் கூப்பிட்ட குரல் ஞாபகம் வரும்.

டிசம்பரில் ராக்கப்பன் காரை விற்கத் தீர்மானித்தார். உடைந்த முன்பக்கத்தை விருதுநகரில் சரிசெய்து, கடைசியாக ஒருமுறை பார்த்துக் கொடு என்று வெள்ளைத்துரையிடமே கொண்டுவந்து விட்டார். வாங்குகிறவர் ராஜபாளையத்துக்காரர், இரண்டு பிள்ளைக்காரர். மறுநாள் காலை வந்து எடுத்துக்கொள்வதாகப் பேச்சு.

அன்று மாலை மழை தூறிக்கொண்டிருந்தது. தீபாவளி முடிந்து கம்பெனியில் வேலை குறைவு, மழை இருட்டினதால் மதியத்தோடு மூடிவிட்டார்கள். மாரித்தாய் நேரத்தோடு வந்திருந்தார். வெள்ளைத்துரை சக்கரங்களைக் கழற்றி, கண்ணாடிப் பாட்டிலும் ரப்பர்க் குழாயும் எடுத்து வைத்துக்கொண்டு, "மாரி, ஏறு" என்றார். நான் என் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் நினைத்தது எனக்குப் புரிந்தது. இப்போது மாற்றிவிட்டால் வாங்குகிறவர் குடும்பம் பத்திரம். பழைய ஆயில் சாக்கடையில் போய்விடும். தான் செய்ததற்கு ஒரு சொட்டு சாட்சி இருக்காது. யாருக்கும் நஷ்டமில்லை, அருணாதேவி ஒருத்தியைத் தவிர. அவள் மட்டும் வாழ்நாள் முழுக்கத் தன் காலைத் தானே சந்தேகப்பட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

மாரித்தாய் ஏறி உட்கார்ந்தார். ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

"மிதி."

பெடல் அசையவில்லை.

"மாரி, மிதி."

"மாட்டேன்" என்றார் மாரித்தாய்.

வெள்ளைத்துரை சக்கரத்தடியிலிருந்து எழுந்து வந்தார். மாரித்தாய் அவரைப் பார்க்காமல் முன்கண்ணாடியில் வழிந்த தூறலைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"எங்க கம்பெனியில மருந்துல ஈரம் ஏறிருச்சுன்னா உடனே போர்மேன்கிட்டச் சொல்லிருவோம். எங்க கையாலதான் ஏறுச்சுன்னாலும் சொல்லிருவோம். திட்டு விழுகும், ஒரு நாள் வேல போகும். ஈரம் பட்ட மருந்து சூடேறித் தானாப் பத்திக்கிரும், மறச்சோம்னா பக்கத்து ரூம்ல இருக்கவதான் கருகிப் போவா. படிக்காத நாங்களே அம்புட்டுக்குச் சுத்தமா இருக்கோம். நீங்க ரெண்டு மாசமா மறச்சு வச்சிருக்கீக. அந்தப் பிள்ளைய வரச் சொல்லுங்க. அவ மிதிக்கட்டும்."

இறங்கி, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மழையிலேயே வீட்டுக்கு நடந்தார். வெள்ளைத்துரை என் பக்கம் திரும்பினார்.

"அண்ணாச்சி, நீங்களாச்சும்..."

"நான் வரல வெள்ளத்துர" என்றேன். அன்று மிஷின் ஓடவில்லை. காரணம் சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. அவர் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, கொட்டகைக்குள் பழைய டயர்மேல் உட்கார்ந்து அழுதார். பிறகு போனை எடுத்தார்.

மறுநாள் காலை, வாங்குகிறவர் வருவதற்கு முன்னாலேயே அப்பாவும் மகளும் வந்தார்கள். மாரித்தாயும் வந்து தூணோரம் நின்றார். அருணாதேவியின் இடது கை மெலிந்திருந்தது. வெள்ளைத்துரை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"ஆயில நான் மாத்தல தாயி. மேல டப்பாவுல மட்டும் ஊத்தி வச்சு, மாத்திட்டேன்னு கையெழுத்துப் போட்டேன். உள்ள இருந்தது பழசு. அது கொதிச்சுத்தான் பெடல் போயிருக்கு."

ராக்கப்பன் முன்னால் பாய்ந்தார். "ஏலே, எம்பிள்ள செத்திருப்பாளேலே. ஆஸ்பத்திரியில வந்து நின்னப்பக்கூட வாயத் தொறக்கலையேலே நீ." கை ஓங்கியதை நான் பிடித்தேன். வெள்ளைத்துரை நகரவில்லை.

அருணாதேவி அப்பாவையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

"அப்ப என் கால் கிளட்ச்சுல போகல."

"போகல தாயி. நீங்க சரியாத்தான் மிதிச்சீக."

"ஏன் மாத்தல?"

"நம்ம ஊர்ல மழ இல்லையே, ஈரம் ஏறியிருக்காதுன்னு நெனச்சேன். மிதிக்க ஆளும் இல்ல."

அவள் காரில் ஏறி உட்கார்ந்தாள். கதவை மூடினாள். அந்த விபத்துக்குப் பிறகு அவள் அந்த இருக்கையில் உட்கார்வது அதுதான் முதல் தடவை.

"நிப்பிளத் தொறங்க" என்றாள்.

அவர் படுத்தார். அவள் மிதித்தாள். குழாய் வழியாகப் பாட்டிலில் இறங்கியது ஆறிப்போன கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. ராக்கப்பன் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டு மாசமா சொன்னியேம்மா" என்றார்.  காருக்குள் இருந்து அடுத்த மிதி வந்தது.

நான்கு சக்கரமும் முடிந்து தெளிவான ஆயில் வரும்வரை மிதித்துவிட்டு இறங்கினாள். கைப்பையிலிருந்து அந்தப் படிவத்தின் நகலை எடுத்தாள். "இதுக்குப் பின்னாடி எழுதிக் குடுங்க. தளத்துக்காரங்களுக்கு அனுப்பப் போறேன். ஒங்க பேரு வெளிய வரும்."

"வரட்டும் தாயி."

காரின் பானெட்மேல் வைத்து எழுதினார். 'பிரேக் ஆயிலை நான் மாற்றவில்லை. மாற்றியதாகப் பொய் எழுதினேன். ஓட்டியவர் சரியாகவே மிதித்தார்.' கையெழுத்துப் போட்டார். 

சாட்சிக்கு ஒரு கையெழுத்து வேண்டும் என்று அருணாதேவி என்னைப் பார்த்தாள். பேனாவை வாங்கினேன். பேரை எழுதிவிட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கலாம், யாரும் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள். மாரித்தாய் தூணோரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். என் பேருக்குக் கீழே, 'மிதிக்கக் கூப்பிட்டார், நான் போகவில்லை' என்று எழுதினேன்.

அருணாதேவி அதை வாசித்தாள்.  தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, விற்பதற்காக வந்த காரில் ஏறி, அப்பாவைப் பக்கத்து இருக்கையில் உட்காரச் சொல்லிவிட்டு, தானே ஓட்டிக்கொண்டு போனாள். சாலையில் ஏறுவதற்கு முன் ஒருமுறை பிரேக் விளக்கு எரிந்து அணைந்தது.